கட்டினவரே அவிழ்க்க வேண்டும்

காலில் விழுந்த குழியை முதலில் பார்த்தவள் என் பெண்டாட்டி சகுந்தலாதான். உப்பளத்தில் வேலை முடிந்து, வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவும்போது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஈரப் பாத்தியில் கால் வைத்தால் தடம் நிற்குமே, அதுபோல. வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் காலை நீட்டி மறுபடி அமுக்கிக் காட்டினாள்.

"இங்க பாருய்யா, பிசைஞ்ச மாவாட்டம் உள்ள போவுது. வலிக்கவே இல்ல."

வலிக்கவில்லை என்பதால் இரண்டு பேரும் சிரித்தோம். வலிக்காத ஒன்றுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

நான் மரக்காணத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் பேசக் கேட்டுப் படித்தது. ஜனங்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். கால் வீக்கத்துக்கும் அவர்களிடமே கேட்டேன். முள்ளங்கியைப் பிழிந்து கொடு என்றார் ஒருவர். பார்லித் தண்ணீர் என்றாள் ஒருத்தி. "காலை மேல தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லுப்பா, தண்ணி தானா எறங்கிடும்" என்றார் ஒரு பெரியவர். எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். பிறகு முகம் வீங்கியது. கழிப்பறையில் சிறுநீர் நுரைத்து நின்றது.

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், என்ன சமைத்துக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் தெரிந்தவன் இல்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் ஊரில் சாயங்காலம் மட்டும் வந்து பார்க்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுவார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, தள்ள முடியாமல் போனால் ரத்தத்தில் தங்கிவிடும்) ஏறியிருந்தது. இடுப்பு வலிக்காக மருந்துக்கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். சகுந்தலா தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் குடித்தால் ஒதுங்குவதற்கு அளத்தில் எங்கே இடம் இருக்கிறது? இதனால்தான் வந்தது என்று எதையும் அவர் அடித்துச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவளைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே வாயைக் கட்டணும்மா. உப்பைக் கொற. மீனு, முட்டை, கறி, பருப்பு எல்லாத்தையும் பாதியாக் கொற. புரதம் அதிகமானா பழுதான கிட்னிக்கு வேலை அதிகம்."

வெளியே வந்ததும் சகுந்தலா கேட்டாள். "பாதியாக் கட்டுறதுன்னா இன்னாய்யா அது? கட்டுனா முழுசாக் கட்டணும்."

அவள் முழுசாகக் கட்டினாள்.

கடற்கரை ஊரில் மீன் இல்லாமல் இருப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தெருவில் ஒரு வீட்டில் கிழங்கான் மீன் குழம்பு கொதித்தால் மற்ற வீடுகளில் பசி எடுக்கும். சகுந்தலா அந்த வாசத்துக்கு நடுவில் உப்பில்லாத கஞ்சியையும் சுரைக்காயையும் தின்றாள். எனக்கும் என் மகள் ரேவதிக்கும் மீன் ஆக்கிப் போட்டுவிட்டு, ருசி பார்க்காமல், என்னைக் கூப்பிட்டு உப்பு சரியா என்று கேட்பாள். ரேவதியின் வளைகாப்பில் யாரோ சகுந்தலாவின் கையில் ஒரு முட்டையைக் கொடுத்துவிட, அதை நாங்கள் பிடுங்கி வைத்தோம். அவளும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள்.

தெரு முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு. "சகுந்தலா மாதிரி வாயைக் கட்ட இந்த ஊர்ல ஒருத்தியாலயும் முடியாது" என்பார்கள். "அவ வாயில பூட்டுப் போட்டு சாவியைக் கடல்ல வீசிட்டா" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன்.

கொஞ்ச காலம் கிரியாட்டினின் ஏறாமல் நின்றது. பிறகு ஏறியது. வாந்தி வந்தது, மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் அரித்தது. டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது) தொடங்க வேண்டும் என்றார்கள். அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைப்பது, பெரிய ஊசி போட அங்கேதான் இடம்) வைத்தார்கள். உப்புக் கூடையைத் தூக்கிய கையில் இனி ஒரு குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது.

வாரத்தில் மூன்று நாள். ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். வழியில் வேறு யாரையும் ஏற்ற மாட்டேன்.

அங்கேதான் உணவு ஆலோசகரான ஒரு பெண் எங்களிடம் பேசினாள். என் மகள் வயதுதான் இருக்கும். "அம்மா, இனிமே நீங்க புரதம் நல்லா சாப்பிடணும். முன்ன சொன்னது டயாலிசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. இப்போ மெஷின் ஒவ்வொரு தடவையும் கழிவோட சேர்த்துப் புரதத்தையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிடும். அதை நீங்க திரும்ப வைக்கணும்" என்றாள். நோயில்லாத ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் புரதம் போதும்; டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு அதைவிடச் சற்று அதிகம் வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். சகுந்தலாவுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வந்தது. பழமும் இளநீரும் இஷ்டத்துக்குக் கூடாது, கருவாடு கூடவே கூடாது, மீனும் முட்டை வெள்ளையும் வேண்டும் என்றாள்.

சகுந்தலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்: "சின்னப் பொண்ணு. பாவம், வேற யாருக்கோ சொல்ல வேண்டியத எனக்குச் சொல்லிட்டுது."

நான் விடவில்லை. மறுநாள் காலையில் மீன்காரி செல்வியின் கூடைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சங்கரா அம்பது கிராம் குடு" என்றேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்பது கிராமா? இன்னா அண்ணே, பூனை வளக்கிறியா?"

"சகுந்தலாவுக்குத்தான். டாக்டர் கணக்கு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஒரு மீனின் வால் பக்கத்தை வெட்டி, தராசில் வைத்து, காசு வாங்காமல் கொடுத்தாள். விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டை உப்பில்லாமல் வேகவைத்து சகுந்தலாவின் தட்டில் வைத்தேன். பாதியைத் தின்றாள், மீதியை எனக்குத் தெரியாமல் கோழிக்குப் போட்டாள். ஐம்பது கிராமைக் கொடுத்துவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஐம்பது கிராம் புரதம் வேறு, ஐம்பது கிராம் மீன் வேறு. அந்தத் துண்டு முழுசாக உள்ளே போயிருந்தாலும் அதில் புரதம் பத்து கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்கு இருக்கும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எடை பார்க்கும் இயந்திரமும் என்னை ஏமாற்றியது. ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் படுக்கைக்குப் போகுமுன் அதில் அவளை ஏற்றுவார்கள். எண் அப்படியே நின்றது. ஆள் இளைக்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவள் நெற்றிப்பொட்டு இரண்டிலும் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. சோற்றுப் பானையை இறக்க என்னைக் கூப்பிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள்.

ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. "யோவ்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கண் மேலே சொருகிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று நர்ஸ் ஓடிவந்தார். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள். நடைக்கூடத்தில் நின்றேன். கதவுக்குக் கீழே உள்ள சந்தில் உள்ளே போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரிந்தது. அந்தச் செருப்புகள் ஓடினால் சகுந்தலா செத்துக்கொண்டிருக்கிறாள், நடந்தால் பிழைத்துக்கொண்டாள் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

செருப்புகள் நடந்தன. டயாலிசிஸ் பார்க்கும் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"இவங்களுக்கு ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; தண்ணீரைக் குழாய்க்குள் பிடித்து வைப்பது) ரொம்பக் கொறைஞ்சிடுச்சு. இவங்க சாப்பிடுறதே இல்லையா?"

"எடை குறையலையேம்மா."

"சதை போன எடத்துல தண்ணி வந்து நிக்குதுங்க. எடை மெஷின் தண்ணியையும் சேர்த்துத்தானே காட்டும்? உடம்பு தன்னைத் தானே தின்னுக்கிட்டு இருக்கு. இப்படியே போனா கிட்னியால இல்ல, பட்டினியால போயிடுவாங்க."

பட்டினி என்ற சொல்லை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, மீன் இருந்தது, முட்டை இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் என் பெண்டாட்டி பட்டினியால் சாகப் போகிறாள்.

அன்றிலிருந்து கெஞ்சல்தான். கிளியனூரில் கட்டிக்கொடுத்த ரேவதி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். முட்டை வெள்ளையை அரிந்து, மிளகு தூவி, ஊட்டிப் பார்த்தோம். சகுந்தலா வாயை இறுக்கிக்கொள்வாள். உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். இரும்பை நக்கினாற்போல் இருக்கிறது என்பாள். ரேவதி அழுதாள். நான் கத்தினேன், பிறகு காலைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் என் விரல்கள் நான்கும் பதிந்து குழியாக நின்றன.

"தின்னுடி. தின்னலைன்னா செத்துடுவேன்னு சொல்றாங்கடி."

"தின்னா செத்துடுவேன்னு சொன்னீங்களே, அது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "வளைகாப்புல கையில இருந்த முட்டையைப் புடுங்கினீங்களே. அப்ப நான் ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப வேற, இப்ப வேறடி."

"வாயைக் கட்டச் சொன்னவரு ஒருத்தரு. அவுக்கச் சொல்றது ஊர்ல இருக்கிறவங்க எல்லாம். கட்டினவரு சொல்லட்டும்யா, அவுக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் தீமிதிக்குக் காப்புக் கட்டினால் வீட்டில் கவுச்சி ஏறாது. மஞ்சள் தோய்த்த கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை விரதம். அதைத் தானாக அறுத்துக்கொள்ள மாட்டார்கள். கட்டிய பூசாரியே அவிழ்க்க வேண்டும். சகுந்தலா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை தீ மிதித்தவள். அந்தச் சாயங்கால டாக்டர் சொன்ன சொல்லை அவள் அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். கையில் கயிறு இல்லாததால் எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

அவர் எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்தி வெகு நாள் ஆகியிருந்தது. ஆட்டோ ஜனங்களிடம் விசாரித்தேன். வானூரில் மகன் வீட்டோடு இருக்கிறார், காலையில் மட்டும் ஆள் பார்க்கிறார் என்றாள் ஒருத்தி. "இருக்காரா போயிட்டாரான்னு தெரியலயேன்னு நெனைச்சேன்யா" என்று சகுந்தலா சொன்னபோது அவள் குரலில் பயம் இருந்தது. அவர் இறந்துபோயிருந்தால் அவிழ்க்க ஆள் இல்லை.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் போனோம். ரேவதி பின்சீட்டில் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் திரும்பிப் பார்த்தேன். "ரோட்டைப் பாருப்பா" என்றாள் ரேவதி. கிளியனூர் தாண்டியதும் சகுந்தலா வாந்தி எடுத்தாள், வெறும் பச்சைத் தண்ணீர். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் பாதின்னுதானேம்மா சொன்னேன்?"

"கட்டச் சொன்னீங்க அய்யா."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அளவு எப்படி மாறும் என்று விளக்க ஆரம்பித்தார். அந்தச் சின்னப் பெண் சொன்ன அதே கணக்குத்தான். சகுந்தலா காது கொடுக்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தயங்கித் தயங்கிக் காப்பு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "கையை நீட்டும்மா" என்றார். அவள் வலது கையை நீட்டினாள். வெறும் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தார். நாடி பார்க்கிறாரா, முடிச்சு அவிழ்க்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அன்னிக்குக் கட்டினது நான்தான். இன்னிக்கு நானே அவுத்துட்டேன். இனிமே மீனு சாப்பிடு, முட்டை வெள்ளை சாப்பிடு. அந்தப் பொண்ணு சொல்ற அளவு என்னோட அளவு. உப்பை மட்டும் அவுக்கல, அது கட்டினபடியே இருக்கட்டும்."

சகுந்தலா புடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோய் என்று தெரிந்த நாளிலும் ஊசி குத்திய நாட்களிலும் அழாதவள். அவளுக்கு எவ்வளவு பசித்திருக்கிறது என்று அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்துப் பக்கத்துக் கடையில் அவித்த முட்டை வாங்கினேன். மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையைக் கொடுத்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து மெதுவாக மென்றாள்.

"எப்படிம்மா இருக்குது?" என்றாள் ரேவதி.

"ரப்பரைத் திங்கிற மாதிரி இருக்குது. உப்பு இல்லாம ஒரு முட்டையா?"

ஊர் வந்து சேர்வதற்குள் அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

அவிழ்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. வயிறு மறந்துபோயிருந்தது. ஆனால் வாய் திறந்தது, அதுதான் வித்தியாசம். வாந்தி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. ஒரு வாய், இரண்டு வாய். காலையில் முட்டை வெள்ளை, மதியம் உள்ளங்கை அளவு மீன், சாயங்காலம் மறுபடி ஏதாவது. ஒரே வேளையில் திணிக்காமல் பிரித்துக் கொடுங்கள் என்று அந்தச் சின்னப் பெண் சொன்னதை இப்போது அப்படியே கேட்டோம். செல்வி தினமும் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். "பூனை தேறிடுச்சா அண்ணே?" என்று கேட்பாள். சில நாள் பதில் சொல்வேன். சில நாள் மீனை வாங்கிக்கொண்டு நடந்துவிடுவேன்.

நடுவில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். சேர்த்ததெல்லாம் கரைந்தது. திரும்ப முதலிலிருந்து ஊட்டினோம். ஆல்புமின் கொஞ்சம் ஏறிய பிறகு தண்ணீர் இறங்கியது, அதோடு எடையும் இறங்கியது. பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "இதுதான் அவங்க உண்மையான எடை. இனிமேதான் ஏத்தணும்" என்றார். இத்தனை நாளும் நான் பார்த்துப் பெருமைப்பட்ட உடம்பில் என் சகுந்தலா எவ்வளவு குறைவாக இருந்தாள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது திங்கள், செவ்வாய் கிடையாது. மெஷின் நாள், மெஷின் இல்லாத நாள், அவ்வளவுதான். மெஷின் நாளில் போவதை மறுநாள் தட்டில் வைக்கிறோம். அடுத்த நாள் அது மறுபடி போகிறது. அடுத்த வருஷம் என்று யாராவது பேசினால் எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது. டாக்டரம்மா எதற்கும் உறுதி கொடுக்கவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் ஆட்டோவை எடுக்குமுன் அவள் காலடியில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பேன். எங்களுக்கு நாட்காட்டி, கடிகாரம் எல்லாம் அந்தக் குழிதான். சில காலைகளில் அது மூடாமல் அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு நான் சவாரி எடுப்பதில்லை.

இன்று காலையிலும் அமுக்கினேன். விரல் உள்ளே போகவில்லை, அடியில் ஏதோ எதிர்த்தது. நம்பாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யோவ், கையை எடுய்யா. வலிக்குது."